மாஸ்டர், ஸ்லேவ்: மென்பொருள் துறை இரண்டு சொற்களைக் கைவிட்ட விதம்

புண்படுத்தும் சொற்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். "இந்தச் சொல் வலிக்கிறது" என்பார் ஒருவர். "அந்த அர்த்தத்தில் யாரும் சொல்லவில்லையே" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதற்கு மேல் பேச்சு நகராது.

மென்பொருள் துறையில் மாஸ்டர், ஸ்லேவ் (எஜமான், அடிமை) என்ற ஜோடிக்கு நடந்தது இதிலிருந்து கொஞ்சம் வேறு. இங்கே சண்டை மட்டும் நடக்கவில்லை, வேலையும் நடந்தது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதெல்லாம் திறந்தமூலத் திட்டங்களின், அதாவது நிரலை யாரும் பார்க்கக்கூடிய மென்பொருள் திட்டங்களின், பொதுப் பதிவில் அப்படியே கிடக்கிறது. 2003-இல் ஊரே சிரித்த ஒரு கோரிக்கை 2020-இல் வழக்கமான நடைமுறையாகிவிட்டது. இடையில் எது மாறியது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். வாதங்கள் மாறியதால் இது நடக்கவில்லை என்பது என் முடிவு. 2003-இல் சொன்ன அதே வாதங்களைத்தான் இரு தரப்பும் 2020-இலும் சொன்னார்கள்.

சொற்கள் வந்த வழி

ஒன்று முடிவெடுக்கும், மற்றது பின்பற்றும் என்ற அமைப்பு பொறியியலில் எங்கும் உண்டு. தகவலை எழுதும் வேலை ஒரு தரவுத்தளத்தில் நடக்கும். அதன் நகல்கள் வேறு கணினிகளில் இருந்துகொண்டு, வாசிக்க வருபவர்களின் சுமையைத் தாங்கும். ஒரு சில்லு கடிகாரத் துடிப்பை அனுப்பும், மற்ற சில்லுகள் அதற்கேற்ப இயங்கும். இந்த மாதிரி ஜோடிகளுக்கெல்லாம் மாஸ்டர், ஸ்லேவ் என்று பெயர் வைப்பது வெகு காலமாக வழக்கம்.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிய ஆய்வாளர் ரான் எக்லாஷ், 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டெடுத்த மிகப் பழைய பயன்பாடு 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கேப்டவுன் வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில் என்ற வானியலாளர், இரண்டு தனிக் கருவிகளைச் சேர்த்து அமைத்த கடிகாரம் ஒன்றை விவரிக்கும்போது, அவற்றில் ஒன்றை ஸ்லேவ் கடிகாரம் என்றார். கேப் காலனியில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1834-இல். ஆக, அடிமைகள் கண்ணெதிரே இருந்த காலத்தின் உவமை அல்ல இது. அந்த முறை ஒழிக்கப்பட்டு 70 ஆண்டு கழிந்த பிறகு, எஜமான் இருக்கும் இடத்திலிருந்து யோசித்தவர்களுக்குத் தோன்றிய உவமை. அடிமையாக இருந்தவரின் பேரப்பிள்ளைகள் அந்த வானாய்வகத்தில் பொறியாளர்களாக இருந்திருந்தால் இந்தப் பெயர் வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த உவமை பல இடங்களில் தொழில்நுட்ப ரீதியாகவே தப்பு. பழைய கணினிகளைக் கழற்றி மாட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரே ஐடிஇ கேபிளில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தினால், ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டை நகர்த்தி ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் வைக்க வேண்டும். ஆனால் அங்கே எந்தத் தட்டும் எந்தத் தட்டுக்கும் கட்டளையிடுவதில்லை. இரண்டுமே தாய்ப்பலகையிலிருந்து வரும் ஆணையைத்தான் கேட்கின்றன. அதன் தொழில்நுட்பத் தரநிலையே பின்னாளில் அவற்றைச் சாதனம் 0, சாதனம் 1 என்றுதான் குறித்தது. கடைக்காரரும் நாமும்தான் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தோம். தரவுத்தளத்திலும் இதே கதை. நகல் என்பது எஜமான் சொன்ன வேலையைச் செய்யும் ஆள் அல்ல, அது இன்னொரு பிரதி. அசல் செயலிழந்தால் அதன் இடத்தில் நிற்கக்கூடிய பிரதி. அடிமை என்ற உவமை இதில் எதையும் விளக்குவதில்லை.

இந்த விவரத்தை இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் எந்த மாற்றம் நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதற்கு இதுவே பெரிய விடை.

2003: சிரித்து முடித்த கோரிக்கை

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்தில் ஒரு ஊழியர், ஒளிப்பதிவுக் கருவி ஒன்றில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துப் புகார் கொடுத்தார். அதைத் தொடர்ந்து 2003 நவம்பரில், கருவிகளை விற்கும் நிறுவனங்களுக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் போனது. இந்த மாதிரிப் பெயர்களைத் தவிர்க்க முடியுமா, வேறு பெயர் ஒட்ட முடியுமா என்று கேட்டார்கள். தடை எதுவும் போடவில்லை, தண்டனையும் இல்லை. வேண்டுகோள் மட்டும்தான்.

அது உலகச் செய்தியானது, நகைச்சுவைச் செய்தியாக. அரசாங்கத்துக்கு வேறு வேலையில்லையா என்றார்கள். அடுத்து ஆண் பெண் இணைப்பான்களுக்கும் பெயர் மாற்றுவீர்களா என்றார்கள். மொழிப் போக்குகளைக் கவனிக்கும் குளோபல் லாங்குவேஜ் மானிட்டர் என்ற அமைப்பு, 2004-இன் "அரசியல் சரித்தன்மை"ப் பட்டியலில் இந்த ஜோடிக்கு முதலிடம் கொடுத்தது. புகார் கொடுத்தவர் என்ன உணர்ந்தார் என்று யாரும் அதிகம் விசாரித்த மாதிரித் தெரியவில்லை. அவர் ஒருவர், சிரித்தவர்கள் ஆயிரம் பேர்.

அந்தக் கடிதத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெயர் வேண்டாம் என்றார்களே தவிர, எந்தப் பெயர் வேண்டும் என்று திட்டமாக எதையும் முன்வைக்கவில்லை. கேட்டவர் பொருளை வாங்குபவர், செய்பவர் அல்ல. கருவியின் கையேட்டையும் கட்டளைப் பெயரையும் மாற்றும் கை அவரிடம் இல்லை.

2014 முதல் 2018 வரை: பேட்ச் எழுதியவர்கள்

பத்தாண்டு கழித்துக் கோரிக்கை வேறு வடிவத்தில் வந்தது. இந்த முறை வந்தது கடிதம் அல்ல, பேட்ச், அதாவது நிரலில் இந்த வரியை இப்படி மாற்றலாம் என்று எழுதி அனுப்பும் திருத்தம். 2014 மே மாதம் ட்ருபல், ஜாங்கோ என்ற இரண்டு பெரிய இணைய மென்பொருள் திட்டங்களில் இந்தச் சொற்களை ஆவணங்களிலிருந்தும் நிரலிலிருந்தும் நீக்கும் மாற்றங்கள் அனுப்பப்பட்டன. ட்ருபல் நேரடியாக பிரைமரி, ரெப்ளிகா (முதன்மை, நகல்) என்று போனது. ஜாங்கோ முதலில் லீடர், ஃபாலோயர் என்று மாற்றிவிட்டு, அப்புறம் அதையும் மாற்றி பிரைமரி, ரெப்ளிகா என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. தரவுத்தளக்காரர்கள் ஏற்கெனவே புழங்கிவந்த சொற்கள் அவை என்பதுதான் காரணம்.

இந்தச் சின்னத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும். புண்படாத சொல் என்பது மட்டும் போதவில்லை. அந்தத் துறைக்காரர் படித்தவுடன் என்னவென்று புரிய வேண்டும். லீடர் என்ற சொல்லில் யாருக்கும் வலியில்லை. ஆனால் தரவுத்தள உலகில் அது வேறு விஷயத்தையும் குறிக்கும், வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் கணு என்று. ரெப்ளிகா என்றால் நகல், அதில் குழப்பம் இல்லை.

ஜாங்கோவின் மாற்றத்துக்குக் கீழே கேலியும் கோபமுமாகக் கருத்துகள் குவிந்தன. ஆனால் 2003-க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. மாற்றத்தை ஏற்கும் அதிகாரம் உள்ளவர்கள் அதை ஏற்றுவிட்டார்கள், கேலி அதற்குப் பிறகுதான் வந்தது. பேட்ச் உள்ளே போய்விட்டால் அதை வெளியே எடுக்க இன்னொரு பேட்ச் எழுத வேண்டும். "அடிமை என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவருகிறேன்" என்று தன் பெயரில் ஒரு பேட்ச் எழுதி அனுப்ப யார் உட்காருவார்கள்? கருத்துப் பெட்டியில் திட்டுவது எளிது.

2018 செப்டம்பரில் பைத்தான் என்ற நிரல்மொழியில் இது வந்தது. விக்டர் ஸ்டின்னர் என்ற மைய நிரலாளர் நான்கு மாற்றங்களை முன்வைத்தார். அவருடைய சகாக்களிலேயே சிலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். பைத்தான் ஆவணத்தில் இந்தச் சொற்கள் யாரையும் குறிவைத்து எழுதப்படவில்லை, புண்பட்டதாக ஒரு பயனரும் வந்து சொன்னதில்லை என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு ஜூலையில்தான் பைத்தானின் இறுதி முடிவாளர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார் கைடோ வான் ரோசம். ஆனாலும் இந்த விவாதத்தை முடித்துவைத்தவர் அவர்தான். மூன்று மாற்றங்கள் உள்ளே போயின, நான்காவது போகவில்லை. யூனிக்ஸ் அமைப்பில் கட்டளைத் திரையைப் போல நடிக்கும் போலி முனையங்களுக்கு இயங்குதளமே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது, பைத்தான் மட்டும் வேறு பெயர் சொன்னால் படிப்பவர் குழம்புவார் என்பது அதற்குக் காரணம். மற்ற இடங்களில் ஸ்லேவ் என்பது வொர்க்கர், ஹெல்பர் என்று மாறியது, மாஸ்டர் புராசஸ் என்பது பேரன்ட் புராசஸ் ஆனது.

இந்த மொத்த நிகழ்வில் நேர்த்தியான முடிவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மாற்றக்கூடியதை மாற்றினார்கள், மாற்றினால் பொய்யாகிவிடுவதை விட்டார்கள், பக்கத்தை மூடினார்கள். கொள்கைப் பிரகடனம் ஒன்றும் வெளியிடவில்லை.

"யாரும் வந்து சொன்னதில்லையே" என்ற வாதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நியாயமாகத் தோன்றும் வாதம் அது. ஆனால் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில், அதுவும் நூறு பேர் கேலி செய்து முடித்த பிறகு, "எனக்கு வலிக்கிறது" என்று சொந்தப் பெயரில் எழுதுவதற்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. 2003-இல் புகார் கொடுத்தவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தவர்கள், அடுத்த முறை பேசாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. மௌனத்தை ஒப்புதல் என்று எண்ணுவது எந்தத் துறையிலும் ஆபத்தான கணக்கு.

அதே செப்டம்பரில் ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சல்வத்தோரே சான்ஃபிலிப்போவும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார். அவர் மனமுவந்து இறங்கவில்லை என்பது அப்போது அவர் எழுதியதிலேயே தெரியும். ஆனாலும் இறங்கினார். அடுத்த மாதம் வந்த ரெடிஸ் 5.0 பதிப்பில் ஸ்லேவ்ஆஃப் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் ரெப்ளிகாஆஃப் என்ற புதிய கட்டளை வந்தது. பழைய கட்டளையும் தொடர்ந்து வேலை செய்தது. நிலவரம் கேட்டால் ரெடிஸ் தரும் பதிலில் மட்டும் ஸ்லேவ் என்ற பழைய சொல் அப்படியே இருந்தது. காரணம் எளிது: அந்த எழுத்துகளை எதிர்பார்த்து எழுதப்பட்ட கண்காணிப்பு நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனிதர் கண்ணில் படும் இடத்தில் மாற்றலாம், இயந்திரம் படிக்கும் இடத்தில் கை வைத்தால் யாரோ ஒருவருடைய சேவை நள்ளிரவில் நின்றுபோகும்.

அந்தச் செப்டம்பரிலேயே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டதும், தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியதும் தனிக் கதை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கத் தொடங்கியிருந்தது என்பதை அது காட்டியது.

2020

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தார். அடுத்த சில வாரங்களில் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒவ்வொன்றும் "நாங்கள் என்ன செய்யப்போகிறோம்" என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தன. சொல்மாற்றம் அதில் உடனடியாகச் செய்யக்கூடியது, வெளியே தெரியக்கூடியது, செலவு குறைந்தது. மூன்றுமே அதன் பலம், மூன்றுமே அதன்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டும்கூட.

ஜூலை முதல் தேதி மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் குழு, இனி சோர்ஸ் (மூலம்), ரெப்ளிகா என்று அறிவித்தது. அதே மாதம் லினக்ஸ் கெர்னலின் நிரல்நடை வழிகாட்டியில் டான் வில்லியம்ஸ் முன்வைத்த மாற்றத்தை டொர்வால்ட்ஸ் ஏற்றார். அந்த வழிகாட்டி ஒரே ஒரு மாற்றுச் சொல்லைத் திணிக்கவில்லை. பிரைமரி–செகண்டரி, இனிஷியேட்டர்–டார்கெட், கன்ட்ரோலர்–டிவைஸ், லீடர்–ஃபாலோயர் என்று பல ஜோடிகளைக் கொடுத்தது. உங்கள் நிரலில் அந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறதோ அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்ற தொனி. விலக்கையும் எழுதிவைத்தது: பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகத்தை உடைக்கக் கூடாது, 2020-க்கு முன்பே உள்ள வன்பொருள் தரநிலை அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கினால் விட்டுவிடலாம். புதிதாக எழுதுபவற்றுக்குத்தான் விதி.

பிளாக்லிஸ்ட் (தடுக்க வேண்டியவற்றின் கறுப்புப் பட்டியல்), வொயிட்லிஸ்ட் (அனுமதிக்க வேண்டியவற்றின் வெள்ளைப் பட்டியல்) என்ற ஜோடியும் இதே அலையில் சேர்ந்தது. பிளாக்லிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குவது. மனிதர் நிறத்தோடு சம்பந்தப்பட்டு அது பிறக்கவில்லை. எதிர்த்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். நேர் எதிரான உதாரணமும் உண்டு. பழைய வாடிக்கையாளருக்குப் பழைய சலுகையே தொடரும் என்பதை ஆங்கிலத்தில் கிராண்ட்ஃபாதர் செய்வது என்பார்கள். தாத்தாவைத்தானே சொல்கிறார்கள் என்று தோன்றும். அந்தச் சொல்லோ அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறிக்கப் போட்ட சட்ட விதியிலிருந்து வந்தது. உன் தாத்தாவுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால் உனக்கும் உண்டு, தேர்வு எழுத வேண்டாம் என்பது அந்த விதி. 1915-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறப்பில் களங்கமுள்ள இந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர் குறைவு, பிறப்பில் களங்கமில்லாத பிளாக்லிஸ்டுக்குத்தான் பெரிய சண்டை. வேர் தேடிப் போய்த் தீர்ப்பு வாங்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். கறுப்பு என்றால் தடை, வெள்ளை என்றால் அனுமதி என்ற அடுக்கு இன்று கேட்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஆனால் பிளாக்லிஸ்டைச் சாய்த்தது அந்தக் கேள்வியும் அல்ல என்றே நினைக்கிறேன். பிளாக்லிஸ்ட் என்றால் என்னவென்று புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிளாக் (black) என்பதன் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் மாற்றினால் வரும் blocklist, அதாவது தடுப்புப் பட்டியல், தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது. அலவ்லிஸ்டும், அதாவது அனுமதிப் பட்டியலும், அப்படித்தான். கட்டளையில் சுருக்கெழுத்து போடும் பழக்கம்கூடப் பெரிதாக மாற வேண்டியதில்லை. இந்த மாற்றம் சத்தமில்லாமல் பரவியதற்கு இதுவே காரணம்.

மெயின் என்ற கிளை

அதிகம் பேசப்பட்ட மாற்றம் இதுதான். என் பார்வையில் காரணம் மிக மெலிந்ததும் இதுதான்.

நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் ஒவ்வொரு ரெப்போவுக்கும் (நிரல் களஞ்சியத்துக்கும்) முதல் பிராஞ்ச் (கிளை) மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. அங்கே ஸ்லேவ் என்று ஒன்று கிடையாது. 2005-இல் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த பீட்டர் பவுடிஷ், ஒலிப்பதிவில் மூலப் பிரதியை மாஸ்டர் என்பார்களே, அந்த அர்த்தத்தில்தான் வைத்ததாகச் சொன்னார். கிட்டுக்கு முன்னோடியான பிட்கீப்பர் கருவியின் ஆவணங்களில் மாஸ்டர், ஸ்லேவ் ரெப்போ என்ற பேச்சு இருந்ததைச் சிலர் தோண்டி எடுத்தார்கள். அங்கிருந்துதான் வந்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. பவுடிஷ் இன்னொன்றும் சொன்னார்: மெயின் என்றே வைத்திருக்கலாம் என்று தனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது என்று.

2020 ஜூனில், கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் நேட் ஃபிரீட்மன், பெயரை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது என்றார். ஜூலையில் வந்த கிட் 2.28, முதல் பிராஞ்சுக்கு அவரவர் விரும்பும் பெயரை அமைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் ரெப்போக்கள் மெயின் என்ற பெயரோடு வந்தன. 2021-இல் அதே மாதிரிச் சேவை தரும் கிட்லேபும் அதே வழிக்கு வந்தது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. மாஸ்டர்ஸ் என்ற முதுகலைப் பட்டத்தை என்ன செய்வீர்கள், செஸ் கிராண்ட்மாஸ்டரை என்ன செய்வீர்கள் என்பது எதிர்பார்த்த பக்கம். மற்றது இன்னும் கூர்மையானது. அமெரிக்கக் குடியேற்ற அமலாக்க அமைப்புடன் கிட்ஹப் வைத்திருந்த ஒப்பந்தத்தை அதன் சொந்த ஊழியர்கள் 2019-லேயே எதிர்த்து எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் அப்படியே இருக்க, பிராஞ்ச் பெயரை மாற்றி நல்ல பெயர் வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். கறுப்பின நிரலாளர்களுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. வரவேற்றவர்கள் உண்டு. நாங்கள் கேட்டது வேலையும் பதவி உயர்வும், இதை யார் கேட்டது என்றவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது விமர்சனத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அது பெரும்பாலும் சரி. சொல்லை மாற்றுவது வேறொன்றைச் செய்யாமலிருக்கச் சாக்காகும்போது கோபம் வருவது இயல்பு. ஆனால் மாற்றாமல் இருந்திருந்தால் அந்த ஒப்பந்தம் போயிருக்குமா என்றால், அதுவும் இல்லை.

இவ்வளவு மெலிந்த காரணத்தோடு வந்த மாற்றம் எப்படி நிலைத்தது? பழைய ரெப்போ எதையும் தொடவில்லை. புதியதற்கு மட்டும் புதிய பெயர். வேண்டாம் என்பவர் ஒரே அமைப்பில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம். பெயர் மாற்றிய ரெப்போவுக்குப் பழைய இணைப்புகள் தாமாகத் திருப்பிவிடப்பட்டன. அப்புறம், மெயின் சின்னச் சொல், தட்டச்சு செய்ய இரண்டு எழுத்து மிச்சம். 2020-க்குப் பிறகு நிரல் எழுதக் கற்றவர்களுக்கு இதில் விவாதமே இல்லை. முன்னிருப்பாக, அதாவது யாரும் மாற்றாமல் தானாக, எது வந்ததோ அதுதான் அவர்களுக்கு இயல்பு. மனப்பான்மை மாறி அதனால் சொல் மாறும் என்று நினைக்கிறோம். இங்கே பெரும்பாலானவர்களுக்கு முதலில் மாறியது முன்னிருப்புதான்.

மேலிருந்து வந்த பட்டியல்

எதிர்நிலை ஒன்றையும் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஆய்வு முழுமையாகும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தகவல்தொழில்நுட்பப் பிரிவு, தீங்கான மொழியை நீக்கும் முயற்சி என்ற பெயரில், தன் இணையதளங்களிலும் நிரலிலும் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலைத் தயாரித்தது. 13 பக்கம். மாஸ்டர், ஸ்லேவும் அதில் உண்டு. ஆனால் அமெரிக்கன் என்ற சொல்லும் இருந்தது, அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லுங்கள், இரண்டு கண்டங்களில் 40-க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன என்ற விளக்கத்தோடு. எச்சரிக்கைக் குறிப்பைச் சொல்லும் டிரிகர் வார்னிங் என்ற தொடரும் இருந்தது. புண்படாமலிருக்கவே உருவான தொடர் அது, அதுவும் புண்படுத்தும் என்றது பட்டியல்.

2022 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைத் தலையங்கமாக எழுதியதும் விஷயம் தீப்பிடித்தது. அமெரிக்கன் என்ற சொல்லுக்குத் தடை இல்லை என்று பல்கலைக்கழகத்தின் தகவல் அதிகாரி விளக்கம் கொடுத்தார். 2023 ஜனவரித் தொடக்கத்தில் பட்டியலே எடுக்கப்பட்டது.

பட்டியலைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அதில் நியாயமான பரிந்துரைகள் பல இருந்தன. பிழை வேறிடத்தில். ஸ்லேவ் என்ற சொல்லும் அமெரிக்கன் என்ற சொல்லும் ஒரே அட்டவணையில், ஒரே எழுத்துருவில், ஒரே கனத்தோடு நின்றன. எது காயம், எது ரசனை வேறுபாடு என்ற தரம் பிரிப்பு படிப்பவர் கண்ணில் படவில்லை. மேலும், யார் எந்தக் கோப்பில் எதை மாற்றப் போகிறார்கள் என்ற தொடர்பு இல்லாமல் பட்டியல் தனியாக நின்றது. பைத்தானில் நான்கில் ஒன்றை விட்டார்கள். இங்கே விட்டுவிடலாம் என்று சொல்ல யாரும் இல்லை. விளைவு, பட்டியலில் இருந்த மெலிந்த சொல் வலுவான சொற்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

மாற்றத்தின் விலை

மைஎஸ்க்யூஎல் கதைதான் விலையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2020-இல் அறிவிப்பு. அதே ஆண்டு வந்த 8.0.22 பதிப்பில் புதிய கட்டளைகள் பழையவற்றுக்குப் பக்கத்திலேயே வந்தன. அடுத்தடுத்த பதிப்புகளில் மாறிகளின் பெயர்கள் மாறின. பழைய கட்டளையைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை வரும், வேலை நடக்கும். 2024 ஏப்ரலில் வந்த 8.4 பதிப்பில்தான் ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ் போன்ற பழைய கட்டளைகள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. நான்கு ஆண்டு அவகாசம். அப்படியிருந்தும், பதிப்பை உயர்த்தியவுடன் பழைய காப்புப்பிரதி ஸ்கிரிப்டுகளும் கண்காணிப்புக் கருவிகளும் நின்றுபோய், நிர்வாகிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளக் கூடாது. சொல்மாற்றத்தின் சுமை அதைக் கேட்டவர் தலையில் விழுவதில்லை, அறிவித்த நிறுவனத் தலைவர் தலையிலும் விழுவதில்லை. எங்கோ இரவுப் பணியில் இருக்கும் நிர்வாகியின் தலையில் விழுகிறது.

இன்னொரு விலை, பெயர்கள் பெருகியது. முன்பு ஒரே ஜோடி பல இடங்களில் செல்லும். இப்போது மைஎஸ்க்யூஎல்லில் சோர்ஸ்–ரெப்ளிகா, மோங்கோடிபியில் பிரைமரி–செகண்டரி, போஸ்ட்கிரஸ்ஸில் பிரைமரி–ஸ்டாண்ட்பை; இவை தரவுத்தளங்கள். நிரல் சோதனைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் கன்ட்ரோலர்–ஏஜென்ட். சில்லு தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனம் 2021-இல், சில்லுகள் ஒன்றோடொன்று பேச உதவும் ஐ-ஸ்கொயர்-சி தரநிலையைத் திருத்தியபோது கன்ட்ரோலர்–டார்கெட் என்றது. அதற்கு நெருங்கிய உறவான எஸ்பிஐ இணைப்பில் டார்கெட்டுக்குப் பதில் பெரிஃபெரல் என்கிறார்கள், கம்பிகளின் சுருக்கப் பெயரோ உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுகிறது. நேர ஒத்திசைவுத் தரநிலையான ஐஇஇஇ 1588-க்கு 2022-இல் வந்த திருத்தம் டைம் டிரான்ஸ்மிட்டர், டைம் ரிசீவர் என்று பெயர் வைத்தது. நீளம்தான், ஆனால் இவற்றிலேயே மிகத் துல்லியமானது அதுதான் என்பேன். நேரத்தை அனுப்புவது எது, பெறுவது எது என்று கையேட்டைத் திறக்காமலே தெரிகிறது.

பெயர்கள் பெருகியதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் ஒப்புக்கொள்வேன். எஸ்பிஐ கம்பிப் பெயர்களில் நடந்தது உண்மையான குழப்பம், தரநிலை அமைப்புகள் முன்னதாகக் கூடிப் பேசியிருக்க வேண்டும். தரவுத்தளங்களிலும் ஜென்கின்ஸிலும் நடந்தது அப்படியல்ல. ஸ்டாண்ட்பை என்பதும் செகண்டரி என்பதும் ஏஜென்ட் என்பதும் வெவ்வேறு வேலைகள். அவற்றை ஒரே சொல்லால் மூடி வைத்திருந்தோம்.

இன்னும் தீராதவை

போஸ்ட்கிரஸ்ஸின் தலைமைச் செயல்முறைக்கு நிரலுக்குள் இன்னும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். யாரும் அதைத் தொடச் சொல்லிப் பெரிதாகப் போராடவில்லை. ஸ்லேவ் அருகில் இல்லாத மாஸ்டரை மக்கள் வேறாகத்தான் கேட்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. கிட்ஹப்பின் மாற்றம் ஏன் இவ்வளவு கசப்பைக் கிளப்பியது என்பதற்கும் அதுவே விளக்கம்.

அடுத்த வரிசையில் இருப்பவை உடல், மன நிலைகளைத் தொட்டு வரும் சொற்கள்: சானிட்டி செக் (புத்தி தெளிவாக இருக்கிறதா என்ற பொருளில் வரும் மேலோட்டமான சோதனை), டம்மி வேல்யூ (இடம் நிரப்ப வைக்கும் போலி மதிப்பு), பிளைண்ட் (குருட்டு), லேம் (நொண்டி) போன்றவை. இவற்றில் டம்மிக்கு பிளேஸ்ஹோல்டர் என்று பொருந்தும் மாற்று கிடைத்துவிட்டது, அதனால் அது மெதுவாக நகர்கிறது. சானிட்டி செக்குக்குப் பதில் கான்ஃபிடன்ஸ் செக், கோஹரன்ஸ் செக், குயிக் செக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. அந்தச் சோதனை உண்மையில் எதைச் சோதிக்கிறது என்று யாரும் இன்னும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. உள்ளீடு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் அது வரம்புச் சோதனை. கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் அது இருப்புச் சோதனை. ஒவ்வொரு இடத்திலும் அங்கே நடப்பதைப் பெயராக எழுதினால் பொதுச் சொல்லே தேவைப்படாது. அந்த வேலையைச் செய்ய ஒரு பட்டியலால் முடியாது. அந்த நிரலைத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

கிட் தன் சொந்த முன்னிருப்பை மெயின் என்று மாற்றுவது 3.0 பதிப்புக்கு என்று குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் ரெப்போக்களை அது தொடாது.